எட்டு நாள் காப்பு

என் நெஞ்சைப் பிளக்கப்போகிற டாக்டருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் ஒரு ஃபாரத்தை என் முன்னால் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். ரத்தம் அதிகமாகப் போகலாம். பக்கவாதம் வரலாம். கிட்னி மக்கர் பண்ணலாம். துடிப்பு தாளம் தப்பலாம். அறுத்த நெஞ்செலும்பு சேராமல் போகலாம், புண்ணில் சீழ் வைக்கலாம். "உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. கடைசி ரெண்டையும் கொஞ்சம் கூடுதலாவே பார்க்கணும் சார்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் கொல்லிமலைப் பள்ளிக்கூடங்களில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். நாலு அறை வைத்த இதயத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சலாக வந்தது.

"ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?"

"ஒண்ணுமில்லீங்க" என்று கையெழுத்தைப் போட்டேன்.

சந்தேகம் இல்லாததற்குக் காரணம் என் மடத்தனம். டாக்டர் சொன்னதெல்லாம் தியேட்டருக்குள் நடக்கக்கூடியவை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போகிற கதவுக்கும் வெளியே வருகிற கதவுக்கும் நடுவில்தான் ஆபத்து, உயிரோடு வெளியே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் இன்னொரு வேலையும் செய்தேன். மனைவி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் கண்ணை மூடி எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்தேன். உயிரோடு மலையேற்றிவிடு தாயே, இந்த வருஷம் உனக்குக் காப்புக் கட்டிக்கொள்கிறேன் என்று வேண்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதிப்போட்டவன் இதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. பேச முடியவில்லை. குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் கோழி சிறகடிக்கிற மாதிரி ஓர் ஆட்டம் ஆடியது. நாலு பேர் ஓடிவந்து மருந்தை ஏற்றி அதை அடக்கினார்கள். இதயத்தில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட இடது காலைக் கீறி ரத்தக்குழாயை எடுத்திருந்ததால் கால் வீங்கிப்போய்க் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன், ஏழைந்துக்கு மேல் வரவில்லை. போச்சுடா, மூளையையும் சேர்த்து அறுத்துவிட்டார்களா என்று பயந்துவிட்டேன். நாலைந்து நாளில் திரும்ப வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மறுபடியும் ஒரு பட்டியல் சொன்னார்கள். நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம், சேர மூன்று மாசம் ஆகும். அதுவரைக்கும் கையை ஊன்றி எழக் கூடாது. தரையில் படுக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. புண் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சில் 'டக்' என்று எலும்பு நகர்ந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். மகள் இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவிட்டுத் தன் வேலைக்குக் கோயமுத்தூர் போய்விட்டாள்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரவேண்டும். தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி வந்தேன். வந்த அன்றையிலிருந்து வீடே எனக்கு ஜெயிலாகிவிட்டது. மனைவிதான் வார்டன். செம்பைத் தூக்கப் போனால் "ஏனுங்க, வெய்ங்க கீழ" என்று அடுப்படியிலிருந்தே சத்தம் வரும். முதுகுக்குக் கண் வைத்திருந்தாளோ என்னவோ. களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறக்கூட விடவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கோழி விரட்டுவதுதான் என் உத்தியோகம். அதற்கும் கையை ஓங்கக் கூடாது, வாயால்தான் விரட்ட வேண்டும். கோழிகளுக்கு ஒரே வாரத்தில் என் லட்சணம் புரிந்துவிட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "தப்பிச்சிட்டீங்க வாத்தியாரே." நானும் அதை நம்பினேன். தப்பித்தவன் எதற்காக இப்படிக் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பில்லாமல் வைக்கச் சொன்னவர் டாக்டர் என்பது எனக்கும் தெரியும்.

ஏழாவது வாரம் பங்குனித் திருவிழா வந்தது. எங்கள் ஊர் வழக்கம் இது. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் சாயங்காலம் அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. சந்தைக்கோ ஆபீசுக்கோ போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். தங்கினால் ஊருக்கு ஆகாது. மழை தப்பும், அம்மை வரும், என்னென்னவோ சொல்வார்கள். கையில் காப்புக் கட்டிக்கொண்டவனுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூட. விடியற்காலையில் ஓடையில் தலைக்குக் குளித்து ஈரவேட்டியோடு கோயிலுக்கு வரவேண்டும். ஒருவேளைச் சாப்பாடு. வெறும் பாயில் படுக்கை.

இந்தக் கடைசி மூன்றையும் பீரோ கதவில் ஒட்டியிருந்த தாளோடு வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. ஆனால் வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் விட்டால் உள்ளே ஓடுகிற இதயம் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பயம்தான், பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை.

சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கோயில் காரியம், ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் பார்க்கிற ஊர்க்கவுண்டர் என் மச்சான், மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். நான் கையை நீட்டியதும் திகைத்துப்போனார்.

"மாப்ள, ஒடம்பு தாங்குமா?"

"ஏன் தாங்காது? மூணு பைப்பும் புதுசு. உங்களுதுதான் பழசு" என்றேன்.

கூட்டமே சிரித்தது. பூசாரி மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை என் வலது மணிக்கட்டில் கட்டினார். ஏழு வாரத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு முழு ஆளாக நின்றேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

ஊட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் கயிற்றைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"வேண்டுதல்."

"யாரக் கேட்டு வேண்டுனீங்க?"

காப்புக் கட்டினவனோடு சண்டை போடக் கூடாது என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

இரண்டாம் நாள் காலை பாயிலிருந்து எழப் பார்த்தேன். கட்டிலில் என்றால் பக்கவாட்டில் உருண்டு காலைத் தொங்கவிட்டு எழுந்துவிடலாம். தரையில் அது நடக்கவில்லை. ஆமை மல்லாந்த மாதிரி கிடந்தேன். கூப்பிட்டிருந்தால் மனைவி வந்திருப்பாள். வீம்பு. இரண்டு கையையும் ஊன்றி எம்பினேன். நெஞ்சின் நடுவில் 'டக்' என்றது. காதில் கேட்டதா, உடம்புக்குள் கேட்டதா என்று தெரியவில்லை. வலி அப்புறம்தான் வந்தது. மெதுவாக மூச்சை இழுத்தேன். இழுக்கும்போது ஒரு தடவை, விடும்போது ஒரு தடவை உள்ளே ஏதோ உரசியது.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

எங்கள் மலை ஓடை பங்குனியிலும் பல்லைக் கிட்டவைக்கும். தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு கோயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். மூன்றாம் நாள் தழும்பின் கீழ்முனை சிவந்தது. நாலாம் நாள் அங்கே ஒரு சின்ன வாய் திறந்து வெள்ளையாக நீர் கசிந்தது. பனியனுக்குள் ஒரு துணியை மடித்து வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் குளிர் எடுத்துத் தாடை அடித்துக்கொண்டது. காய்ச்சல் மாத்திரையை ஒளித்து விழுங்கினேன். மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, நெஞ்சு எப்படி இருக்கு? கதவுல ஒட்டுனதெல்லாம் பாக்கறீங்களா?"

"பாத்துட்டுத்தான் கண்ணு இருக்கேன். நல்லா இருக்கேன்."

சொல்லும்போது கண் அந்தத் தாளில்தான் இருந்தது. சிவந்தாலோ, கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, டக் என்றாலோ. நாலும் எனக்கு வந்திருந்தன.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யாராவது கேட்டால் ஊர்க் கட்டுப்பாடு என்பேன். அது பாதி உண்மை. கீழே போனால் படுக்க வைத்துவிடுவார்கள், ராத்தங்கல் ஆகிவிடும், இந்த வருஷம் ஊரில் எது நடந்தாலும் என் தலையில்தான் விழும். மீதிப் பாதி, என்னை மறுபடியும் பிளப்பார்கள் என்ற பயம். அந்தக் குழாய், அந்தக் கட்டில் கம்பி, கட்டின கைகள். இங்கே இருந்தாலும் சாவு, அங்கே போனாலும் அதே மேஜை. பாயில் மல்லாந்து கிடந்து கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் எலும்பு உரசியது. அறுபத்திரண்டு வயதில் அழுகை அழுகையாக வந்தது, அழுதால் நெஞ்சு குலுங்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை, கோயிலிலிருந்து திரும்பிவந்தபோது மனைவி வாசலில் நின்றாள். கையில் என் பனியன். மிளகு மூட்டைக்குப் பின்னால் சுருட்டி ஒளித்து வைத்திருந்தேன். அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே போட்டாள்.

"துண்ட எடுங்க."

"காப்புக் கட்டினவன்கிட்ட இப்படியா பேசறது?"

"எடுங்கன்னேன்."

எடுத்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குனிந்து பார்த்தாள், புறங்கையை என் நெற்றியில் வைத்தாள், செருப்பைக்கூடப் போடாமல் கோயிலைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணனோடு திரும்பினாள்.

மச்சான் என் நெஞ்சைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனார். நல்ல மனுஷன். ஆனால் அவர் தலையில் ஊர் இருக்கிறது.

"கீழ போனா அட்மிட் பண்ணிருவாங்க தாயி. ராத்தங்கல் ஆயிரும். அதுவும் கையில காப்பு இருக்கறவரு. நாளான்னிக்குச் சாயங்காலம் அவுத்தர்றோம். அவுத்த கையோட நானே ஜீப்புல கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இரண்டு நாளைக்கு யாரும் என்னை அறுக்கப் போவதில்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

"அதான் சரி. ரெண்டு நாள்தான புள்ள. பொறு."

அவள் என் பக்கம் திரும்பினாள். அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க" என்றாள். "இதே வாசல்ல நின்னுட்டு."

முப்பத்துநாலு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் தொடாத விஷயம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அந்த வருஷக் காப்பை என் கையில் கட்டியிருந்தார்கள். ஆறாம் நாள் இவளுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். பேறுகாலம் பார்க்க வந்த கிழவி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இவளைக் கம்பில் தொட்டில் கட்டிப் பஸ் ரோட்டுக்குத் தூக்கிக் கீழே கொண்டுபோங்கள் என்று சொன்னாள். காப்புக் கட்டினவன் பேறுகால ஊட்டுக்குள் போகக் கூடாது என்பதால் நான் வாசலில்தான் நின்றேன். அங்கிருந்தே உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். ரெண்டு நாள்தான், பொறு. மச்சான் அப்போது இளவட்டம், என் பக்கத்தில் நின்று சரி என்றார். எட்டாம் நாள் குழந்தை செத்துப் பிறந்தது. நான் அம்மன் தேரோடு போயிருந்தேன். கையிலிருந்து காப்பை அவிழ்த்துவிட்டு ஊட்டுக்கு வந்தபோது பெண்களே எடுத்துப் புதைத்திருந்தார்கள்.

"இருவத்திமூணு வயசு. எனக்கு என்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பொறுன்னீங்க, பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "இப்பப் பொறுக்க மாட்டேன். ஏண்ணா, ஊருக்கு ஆகாதுன்னா எம்மேல எழுதிக்கோ. அம்மனுக்குக் கோவம்னா எங்கிட்ட வரட்டும். அவளுக்கு நான் ஏற்கெனவே ஒண்ணு குடுத்திருக்கேன்."

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துண்டை எடுக்கவில்லை. அப்புறம், "ஜீப்ப எடுத்துட்டு வாரேன்" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

நான் வலது கையை அவளிடம் நீட்டினேன். அவள் கத்தரிக்கோலை எடுத்துவந்து கயிற்றை வெட்டினாள். மஞ்சள் கிழங்கு உருண்டு களத்துப் பக்கம் போனது. அதை யாரும் எடுக்கவில்லை.

எழுபது வளைவையும் இறங்கினோம். மச்சான்தான் ஓட்டினார். எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சுக்குள் எலும்பு இடம் மாறியது. மனைவி தன் இரண்டு உள்ளங்கையையும் என் விலாவின் இரு பக்கமும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஊர் திரும்ப வேண்டுமே என்று நான் மச்சானைக் கிளம்பச் சொன்னேன். அவர் கிளம்பவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதே டாக்டர்தான் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், அவரும் கத்தவில்லை. சீழ் எலும்புவரை இறங்கியிருக்கிறது, கம்பிகள் இரண்டு அறுந்திருக்கின்றன, இதயத்தைத் தொட இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி என்றார். பழைய தழும்பு வழியாகவே மறுபடியும் திறந்தார்கள். அழுகினதைச் சுரண்டி எடுத்துவிட்டு நெஞ்சைத் தைக்காமல் பஞ்சு வைத்து, அதில் ஒரு குழாயைச் சொருகி, அழுக்கை உறிஞ்சும் ஒரு பெட்டியோடு இணைத்துவிட்டார்கள். சீழ் வற்றிய பிறகு மார்புத் தசையை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடுவோம் என்றார்கள். ஆக மொத்தம் ஐந்து வாரம். பெட்டி எந்நேரமும் ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கும், அதன் குழாய் எட்டும் தூரம்தான் என் உலகம்.

ஊரில் எங்களைப் பற்றிப் பேசினார்கள். கோடைமழை தள்ளிப்போனதற்கு வாத்தியார் ஊடுதான் காரணம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னதாகக் கேள்வி. மச்சான் ஊர்க்கவுண்டர் பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அதைப்பற்றிக் கேட்டால் வயசாச்சுல்ல மாப்ள என்று சொல்லி முடித்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம், ஒரு மத்தியான நேரம். மனைவி கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்க முடியாதபடி மல்லாந்து கிடந்தேன். எழுந்து போகவும் வழியில்லை. ஒருவேளை அதனால்தான் வாய் வந்ததோ என்னவோ.

"அது பையனா, புள்ளையா?" என்று கேட்டேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. தோலை உரித்து முடித்தாள். சுளையிலிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"புள்ளதானுங்க" என்றாள். "தல நெறைய முடி. கேப்பீங்க, கேப்பீங்கன்னு முப்பத்திநாலு வருசமா இருந்தேன்."